வாய் திறக்காத கதாநாயகி

ரூபினியின் அம்மாவுக்குக் காதல் நாவல் என்றால் உயிர். படிப்பதைவிட, படித்துவிட்டுத் திட்டுவதில் இன்னும் உயிர்.

"அஞ்சு கம்பெனிக்கு முதலாளியாம். ஒரு நாளாவது ஆபீஸ் போறானா பாருங்க, சம்சாத்! ஒரு தட்டாவது கழுவியிருப்பானா?"

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே போனில் கச்சேரி ஆரம்பமாகிவிட்டது. சம்சாத் ஆன்ட்டியும் அம்மாவும் ஒரே பஸ்ஸில் சிங்கப்பூர் தொழிற்சாலைக்குப் போகிறவர்கள். எல்லைப் பாலத்தில் நெரிசல் என்றால் பஸ் நகரவே நகராது. அப்போது ஆளுக்கொரு நாவல் படிப்பார்கள். பிறகு மாற்றிக்கொள்வார்கள்.

அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். ரூபினி கதவோரம் நின்று பார்த்தாள்.

வாரம் முழுக்க, அவள் எழுந்திருக்கும் முன்பே அம்மா, எல்லைக்கு இந்தப் பக்கம் அவர்கள் வீடு இருக்கும் உலு திராமிலிருந்து கிளம்பிவிடுவார். திரும்பி வரும்போது அவருக்குக் கண் சொருகும். "சாப்டியா? ஹோம்வொர்க் முடிச்சியா? போய்ப் படு." அவ்வளவுதான் அவளுக்குக் கிடைக்கும். அந்தச் சிரிப்பில் கொஞ்சமாவது தனக்கு வேண்டும் என்று ரூபினிக்கு ஏக்கமாக இருந்தது.

அம்மா போனை வைத்ததும் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"ம்மா, அதுல என்ன கதை?"

"பெரியவங்க கதைலா, பாப்பா. உனக்குப் புரியாது. போய் வெளையாடு."

அம்மா துணி காயப்போடப் போனார். ரூபினி நாவலை எடுத்துத் தன் பள்ளிப் பைக்குள் ஒளித்துவிட்டாள். அந்தப் புத்தகத்தின் மேல் அவளுக்கு அப்படி ஒரு கோபம்!

திரும்பி வந்த அம்மா வீட்டையே புரட்டிப் போட்டார்.

"அலமாக், ஐயோ! எங்க போச்சு? கடைசி மூணு அத்தியாயம் பாக்கி இருக்கே. நாளைக்கு சம்சாத்துக்கு வேற குடுக்கணும்!"

ரூபினி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஒளித்த புத்தகம் கையைச் சும்மா இருக்க விடுமா? திறந்து படித்தாள்.

கதாநாயகி நித்திலாவுக்கு ஹேமநாதன் மேல் ஆசை. அவனுக்கும் அவள் மேல் ஆசை. இருவரும் அதைச் சொல்லித் தொலைக்கவில்லை. அவன் வேறொரு பெண்ணோடு சிரித்துப் பேசுவதைத் தூணுக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டு, நித்திலா பக்கம் பக்கமாக அழுகிறாள். அந்தப் பெண்ணோ அவனுடைய சொந்த அக்கா!

ரூபினிக்குப் பொறுக்கவில்லை. "கேளேன்! வாயைத் தொறந்து கேளேன்!" என்று சத்தமாகவே சொல்லிவிட்டாள்.

சொன்ன பிறகுதான் யோசித்தாள். தான் மட்டும் வாயைத் திறந்து கேட்டாளா? அவளுக்கு வெட்கமாகப் போய்விட்டது.

வெளியே அம்மா மண்டிபோட்டு சோபாவுக்கு அடியில் தேடிக்கொண்டிருந்தார். ரூபினி புத்தகத்தை நீட்டினாள்.

"நான்தான் எடுத்தேன், ம்மா. சாரி."

"ஏன் பாப்பா?"

"நீங்க சம்சாத் ஆன்ட்டிகிட்ட பேசுற மாதிரி எங்கிட்டயும் பேசணும். சிரிச்சுப் பேசணும். எனக்கு உங்கள ரொம்பத் தேடுது, ம்மா."

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்து, அவளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டார்.

"எனக்கும்தான் தேடுது. பஸ்ல ஒன்னையே நெனச்சா அழுகை வந்துரும். அதான் இந்த மண்டுங்க கதையைப் படிக்கிறேன்."

ரூபினி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஆனா ம்மா, அந்த ஹேமநாதன் சுத்த மக்கு. 'இவங்க என் அக்கா'ன்னு சொன்னா முடிஞ்சிரும்ல?"

"அதைத்தான் நானும் சொல்றேன்! சொல்லிட்டா அப்புறம் இருநூறு பக்கத்துக்கு என்னத்த எழுதறது?"

"நித்திலா வேற, கோவம் வந்தா ஒடனே மழையில போய் நிக்கிறா. அவகிட்ட கொடையே இல்லையா?"

அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

அன்று மதியம் கடைசி மூன்று அத்தியாயங்களையும் அம்மா உரக்கப் படித்தார். ரூபினி துணி மடித்துக்கொண்டே கேட்டாள். ஒரே ஒரு இடத்தில் மட்டும், "இது ஒனக்கு வேணாம்" என்று அம்மா இரண்டு பக்கங்களைச் சேர்த்துப் புரட்டிவிட்டார்.

மறுநாள் சாயங்காலம் போன் அடித்தது. எடுத்தால் ஒரே ஹாரன் சத்தம்.

"பாப்பா, பாலத்துல மாட்டிக்கிட்டோம். புது நாவல் ஆரம்பிச்சிருக்கேன். இவன் டாக்டராம். அம்பது பக்கம் ஆச்சு, ஒரு நோயாளியக்கூடப் பாக்கல! நீயே நியாயத்தைச் சொல்லு!"

பஸ் சீக்கிரம் நகர்ந்து அம்மா வீட்டுக்கு வந்துவிட வேண்டும் என்றும் இருந்தது. இந்தப் பேச்சு முடியக் கூடாது என்றும் இருந்தது. ரூபினி நாற்காலியை இழுத்துப் போட்டு வசதியாக உட்கார்ந்துகொண்டாள்.

"மொதல்லேர்ந்து சொல்லுங்க, ம்மா."