கட்டைவிரல் தடம்

என்னை எல்லோரும் வாயாடி என்றுதான் கூப்பிடுவார்கள். அம்மா அப்பா வைத்த பெயர் வேறு. ஆனால் அதைச் சொல்லிக் கூப்பிட்டால் எனக்கே திரும்பிப் பார்க்கத் தோன்றாது. அப்படிப்பட்ட நான் மூன்று நாள் வாய் திறக்காமல் இருந்தேன். ஏன் என்று கேளுங்கள்.

எங்கள் தேவாலயத்தில் கைமணிக் குழு ஒன்று இருக்கிறது. மொத்தம் பன்னிரண்டு பேர். ஆளுக்கு ஒரு மணி, மணிக்கு ஒரே ஒரு ஸ்வரம். அவரவர் முறை வரும்போது ஆட்ட வேண்டும். ஒருத்தர் அசந்தாலும் பாட்டில் ஓட்டை விழுந்துவிடும்.

மணியைக் கையுறை போட்டுத்தான் தொட வேண்டும். வெறுங்கையால் தொட்டால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது. சில நாள் கழித்து, வியர்வை பட்ட இடம் கறுத்துப்போய் விரல் பதிந்தது அப்படியே தெரியும். எல்லோருடைய கையுறைகளையும் என் அம்மாதான் துவைத்துத் தருவார். அதனால் பயிற்சிக்கு முதல் ஆளாகப் பையைத் தூக்கிக்கொண்டு போவது நான்தான்.

எங்கள் புதுப் பாட்டு பெரிய மணியோடு தொடங்கும். மற்ற எல்லோரும் சும்மா நிற்க, அது மட்டும் தனியாக 'டாங்' என்று ஒலிக்கும். அது எனக்குத்தான் என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லி வைத்திருந்தேன். எங்களுக்குச் சொல்லித்தரும் டீச்சர் அதைப் புள்ளியிடம் கொடுத்துவிட்டார். எனக்குக் கிடைத்தது ஒரு சின்ன மணி.

புள்ளி என் உயிர்த்தோழி. கன்னத்தில் மச்சம் இருப்பதால் அந்தப் பெயர். உயிர்த்தோழியாக இருந்தால் என்ன? எனக்கு வயிறு எரிந்தது.

அந்தச் சனிக்கிழமை பயிற்சி அறையில் வேறு யாருமில்லை. மணிக்குள் தொங்கும் நாக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு சின்னத் திருகாணி இருக்கும். அதை இறுக்கினால் நாக்கு சரியாக ஆடாது. கையுறையோடு திருக வரவில்லை. கழற்றிவிட்டு, பெரிய மணியை அழுத்திப் பிடித்துக்கொண்டு திருகினேன்.

பயிற்சி தொடங்கியது. புள்ளி பெரிய மணியைத் தூக்கி ஆட்டினாள்.

'டொக்.'

"யாரு கதவத் தட்டுறது?" என்றான் பின்வரிசை நெட்டையன். எல்லோரும் சிரித்தார்கள். மூன்று முறை ஆட்டினாள். மூன்று முறையும் 'டொக்'. புள்ளியின் கண்கள் கலங்கிவிட்டன.

"இது உனக்குக் கைவரல போல. அடுத்த வாரம் வாயாடி ஆட்டட்டும்" என்றார் டீச்சர்.

எல்லோரும் போனபிறகு திருகாணியைப் பழையபடி தளர்த்தி வைத்தேன். அடுத்த சனிக்கிழமை நான் ஆட்டினேன். 'டாங்!'

"பாத்தீங்களா, மணி நல்லாத்தான் இருக்கு" என்றான் நெட்டையன்.

டீச்சர் மணியைக் கையில் வாங்கினார். வெளிச்சத்தில் திருப்பினார். பித்தளையின் மேல் கறுப்பாக ஒரு கட்டைவிரல் தடம்!

"புள்ளி, கையுறையக் கழட்டிட்டுத் தொட்டியா?"

"இல்ல டீச்சர்."

"போன வாரம் உன் கையிலதானே இருந்துச்சு? பொய் வேற சொல்றியா? துடைச்சு வெச்சுட்டுப் போ."

புள்ளி என்னைப் பார்த்தாள். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன்.

அன்று மதியம் சாப்பிடும் முன் கண்ணை மூடி ஜெபம் செய்தேன். 'இயேசப்பா, தெரியாம செஞ்சுட்டேன், மன்னிச்சிடுங்க.' சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

"என்னடி, வாய்க்குப் பூட்டுப் போட்டாச்சா?" என்றார் அம்மா. "வீடே வெறிச்சோடிக் கிடக்கு."

மறுநாள் அம்மா கையுறைகளை ஊறவைக்க உட்கார்ந்தார். "இதென்ன கண்றாவி! யாரோடது இது? அடுப்புக்கரி அள்ளின மாதிரி இருக்கே?"

வாங்கிப் பார்த்தேன். உள்ளே சின்னதாக ஒரு பொட்டு தைத்திருந்தது. புள்ளியுடைய கையுறை. பாலிஷ் போட்டுத் தேய்த்ததில் பத்து விரலும் கறுத்திருந்தன. நான் வைத்த தடத்தை அவள் உட்கார்ந்து துடைத்திருக்கிறாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. கொல்லைப்புறம் போய் மறுபடி கண்ணை மூடினேன். 'இயேசப்பா, தெரியாம இல்ல. தெரிஞ்சேதான் செஞ்சேன். பொறாமையில செஞ்சேன்.'

இந்த முறைதான் அது ஜெபம் மாதிரி இருந்தது. ஆனால் புள்ளியின் பெயர் கெட்டது கெட்டதுதானே? அதை நான்தான் சரிசெய்ய வேண்டும்.

திங்கட்கிழமை அவள் வீட்டுக் கதவைத் தட்டினேன். எல்லாவற்றையும் சொன்னேன். புள்ளி கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை.

"எங்கிட்ட மட்டும் சொல்லி என்ன பிரயோஜனம்? எல்லாரும் சிரிச்சாங்களே" என்றாள்.

"நாளைக்கு வெச்சிருக்கிற கூடுதல் பயிற்சிக்கு வா. எல்லார் முன்னாடியும் சொல்றேன்."

கதவு சாத்திக்கொண்டது.

செவ்வாய்க்கிழமை பயிற்சி அறையில் எல்லோரும் மணியை எடுத்துக்கொண்டிருந்தார்கள். புள்ளி வந்து வாசலோடு நின்றுவிட்டாள்.

"டீச்சர், அந்தத் தடம் என்னோடது. மணி அடிக்காம இருக்க நான்தான் திருகாணிய இறுக்கினேன். புள்ளி மேல எந்தத் தப்பும் இல்ல."

நெட்டையன் எடுத்த மணியை மறுபடி மேசையில் வைத்தான்.

டீச்சர் என்னைப் பார்த்தார். அப்புறம் வாசல் பக்கம் திரும்பினார். "புள்ளி, விசாரிக்காம உன்னைப் பொய்க்காரின்னு சொல்லிட்டேன். என்னையும் மன்னிச்சுக்கோம்மா. உன் மணிய எடு."

நான் கையுறையை மேசையில் வைத்துவிட்டு மூலையில் போய் உட்கார்ந்தேன். அங்கேதான் எனக்கு இடம் என்று தோன்றியது.

'டாங்!' என்றது பெரிய மணி. அடடா, என்ன நாதம்! நான் ஆட்டியபோது அது இப்படி ஒலிக்கவே இல்லை.

பாட்டு நகர்ந்தது. ஒரு வரி, இரண்டு வரி, அப்புறம் ஓர் ஓட்டை. அது என் சின்ன மணி ஒலிக்க வேண்டிய இடம். மறுபடியும் ஓட்டை. புள்ளி கையைத் தாழ்த்தினாள். எல்லோரும் நிறுத்திவிட்டார்கள்.

"டீச்சர், பாட்டு நல்லாவே இல்ல" என்றாள் புள்ளி. பிறகு என்னைப் பார்த்தாள். இன்னும் முகம் சிரிக்கவில்லை. "எந்திரிச்சு வா."

"நானா?"

"உன் ஸ்வரத்த வேற யாரு அடிப்பா? வா."

ஒரே ஓட்டமாக ஓடிப்போய் மணியைப் பிடிக்கக் கையை நீட்டினேன். புள்ளி சட்டென்று என் கையைத் தட்டிவிட்டாள்.

"ஏய் வாயாடி! முதல்ல கையுறையப் போடுடி!"