நட்டைப் பிடிக்க ஒரு ஆள்

மேலேயிருந்து மட்டும் முறுக்கினால் போல்ட் சும்மா சுற்றும். அடியில் ஒருவர் நட்டை ஸ்பேனரால் கவ்விப் பிடித்தால்தான் இறுகும். இதற்குப் பெரிய படிப்பெல்லாம் வேண்டியதில்லை. பல் டாக்டருக்கும் நன்றாகத் தெரியும். அன்று மதியம் கிளினிக்கைப் பூட்டிவிட்டு வந்தவர், வீட்டுக்குப் பின்னால் கொட்டகையில் டிரெய்லர் மேல் நின்ற பழைய படகில் ஏறி, புது போல்ட் ஒன்றைத் துளையில் விட்டு, அளவு சரிதானா என்று பார்க்க ஸ்க்ரூ டிரைவரை இரண்டு சுற்றுச் சுற்றினார். மூன்றாவது சுற்றில் கை நின்றுவிட்டது.

போல்ட் இறுகியது.

துளை சின்னதாகிவிட்டதோ என்று நினைத்தார். இன்னும் அரைச் சுற்று கொடுத்துப் பார்த்தார். யாரோ பல்லைக் கடித்துக்கொண்டு அடியில் பிடிக்கிற மாதிரி அழுத்தமாக இறுகியது. வீட்டில் அவரைத் தவிர யாருமில்லை. மகள் பள்ளிக்கூடத்தில் இருந்தாள்.

அந்தப் போல்ட்டுகள் படகின் முன்பக்கக் கைப்பிடிக் கம்பிக்கானவை. கம்பிக்கு நான்கு கால்கள், காலுக்கு மூன்று போல்ட். அவற்றின் அடிப்பக்கத்தை எட்ட வேண்டுமென்றால் மூக்குப்பக்கம் ஒடுங்கிப் போகும் ஒரு குட்டி அறைக்குள் நுழைய வேண்டும். டாக்டருக்குத் தோள் வரைதான் போகும், அதற்கு மேல் சிக்கிக்கொள்ளும். முன்பெல்லாம் மனைவிதான் நுழைவாள். ஒல்லி உடம்பு, பூனை மாதிரி உள்ளே போய் மல்லாந்து படுத்து நட்டைப் பிடித்துக்கொண்டு, பலகையில் இரண்டு தட்டு தட்டுவாள். டொக் டொக். பிடிச்சாச்சு, முறுக்குங்க என்று அர்த்தம்.

அவள் போய் இரண்டு வருஷம் ஆகிவிட்டது. "இந்தக் கம்பி ஆடுதுங்க" என்று அவள் சொன்னபோது, "அடுத்த வாரம் பாத்துக்கலாம் விடு" என்றவர் இவர்தான். ஊரார் பல்லையெல்லாம் ஆடுவதற்கு முன்பே கண்டுபிடிக்கிற மனுஷன். அந்த ஞாயிற்றுக்கிழமை நீர்த்தேக்கத்தின் நடுவில், துருப்பிடித்த போல்ட்டுகள் உளுத்த பலகையோடு பிய்ந்து, கம்பியோடு அவளும் தண்ணீருக்குள் போய்விட்டாள். சிறிது நேரத்தில் மிதவை அங்கி மட்டும் மேலே வந்தது. அதன் கொக்கிகள் போட்டது போட்டபடியே இருந்தன. எட்டு நாள் தேடியும் அவள் கிடைக்கவில்லை.

மகளுக்கு இப்போது ஒன்பது வயது. வீட்டில் எல்லோருக்கும் அவள் வாலுதான். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவள் விளையாடியதில்லை. "அம்மா இருக்கிற எடத்துக்கு ஒரே ஒரு தடவ கூட்டிட்டுப் போங்கப்பா." வாரா வாரம் இதே கேள்விதான். படகை முழுசாகச் சரிபார்த்த பிறகுதான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இஞ்சின் ஒயர், ஸ்டியரிங் கேபிள், முன்பக்கப் பலகை, கைப்பிடிக் கம்பி என்று ஒன்று விடாமல் மாற்றினார். அந்தக் குட்டி அறைக்குள் மட்டும் வாலு தலையை நுழைக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். தன் குழந்தையை எந்த ஜென்மத்திலும் அதற்குள் அனுப்ப அவருக்கு மனசு வராது.

இரண்டாவது போல்ட்டை விட்டார்.

டொக் டொக்.

டாக்டர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். கொட்டகைத் தகரம் வெயிலில் படபடத்தது. பசை வாடையையும் மரத்தூள் வாடையையும் தள்ளிக்கொண்டு, பலகை இடுக்கிலிருந்து வேறொரு வாடை வந்தது. தண்ணீர் வற்றும்போது அடியில் கிடக்கும் கறுப்புச் சேற்றின் வாடை. இரண்டு வருஷமாக ஒரு சொட்டுத் தண்ணீர் படாத படகு அது. அவருக்குப் பயம் வந்தது. ஆனால் அதைவிடப் பெரிதாக அழுகை வந்தது. "நீயா?" என்று கேட்டார். மறுபடியும் இரண்டு தட்டு. குழந்தை மாதிரி விசும்பி விசும்பி அழுதார்.

அவர் உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. பார்த்தால் நின்றுவிடுமோ என்று பயம். தினமும் மதியம் அறை வாசலில் மூன்று நட்டுகளைப் போட்டுவிட்டு மேலே ஏறுவார், மூன்று போல்ட்டை முறுக்குவார். முறுக்கும்போது பேசுவார். வாலுவின் கணக்குப் பரீட்சை, கிளினிக்கில் கையைக் கடித்த பையன், தன் முட்டிவலி, எல்லாம் சொல்வார். பதிலுக்குத் தட்டு வரும். சாப்பாட்டையே மறந்துவிட்டுக் கொட்டகையில் கிடந்தார்.

மூன்றாம் நாள் மச்சினன் வந்தான்.

"யாராவது கேட்டா தள்ளி விட்டுடுங்க மாமா இத. அக்காவ முழுங்கின சனியன்."

"தப்பு படகு மேல இல்லப்பா."

மச்சினன் படகை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். பிறகு சட்டைக்கையை மடக்கிவிட்டான். "சரி, நட்டப் பிடிக்க ஆள் வேணுமே. நான் நுழையவா?"

"உன் தொப்பைக்கு அந்த வாசல் பத்தாது. ஆள் இருக்கு."

"யாரு?"

பலகைக்கு அடியில் டொக் டொக் என்றது.

"எலி பூந்திருக்கு மாமா. புது ஒயர கடிச்சு வச்சிரப் போகுது" என்று சொல்லிவிட்டு அவன் கிளம்பிப் போனான்.

பத்தாவது போல்ட்டில்தான் ஒரு சின்ன உறுத்தல் வந்தது. தட்டு இவர் கைக்கு நேர் கீழே கேட்டது. அதே நொடியில் இடது கோடியிலும் கேட்டது. பின்னால், காலடியிலும் ஒன்று. ஒரே ஆள் எப்படி மூன்று இடத்தில் தட்ட முடியும்? மரம் எதிரொலிக்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். பன்னிரண்டையும் முடித்துவிட்டுக் கம்பியைப் பிடித்துத் தொங்கிப் பார்த்தார். மச்சினனையும் கூப்பிட்டுத் தொங்கவிட்டார். "யானையக் கட்டலாம் மாமா" என்றான் அவன். கம்பி இம்மி அசையவில்லை. டாக்டருக்கு இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக நெஞ்சு லேசானது.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் வாலுவுக்கு மிதவை அங்கியை மாட்டி, கொக்கிகளை நான்கு தரம் இழுத்துப் பார்த்து, தண்ணீரில் இறங்கினார்கள். நீர்த்தேக்கத்தில் காற்றே இல்லை. நடுவில் இஞ்சினை நிறுத்தியதும் எல்லாச் சத்தமும் ஒரேயடியாக அடங்கியது. கரையில் குரைத்துக்கொண்டிருந்த நாய்கூட ஓய்ந்துவிட்டது. தண்ணீர் படகின் விலாவை மெதுவாக, ரொம்ப மெதுவாக நக்கிக்கொண்டிருந்தது.

"இங்கதானாப்பா?"

"இங்கதான்டா."

அவள் முன்பக்கம் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நங்கூரக் கயிற்றை எடுக்க டாக்டர் குட்டி அறையின் மூடியைத் திறந்தார். சேற்று வாடை முகத்தில் அடித்தது. சாய்ந்த வெயில் நேராக உள்ளே விழுந்தது. கொட்டகையில் அந்த அறைக்குள் ஒருநாளும் இவ்வளவு வெளிச்சம் போனதில்லை.

தரையில் நட்டுகள் கிடந்தன. பளபளவென்று, புதுசாக. பன்னிரண்டு.

எண்ணினார். மறுபடி எண்ணினார். பன்னிரண்டேதான்.

ஒரு போல்ட்டிலும் நட்டு இல்லை.

தோளை உள்ளே நுழைத்தார். மேலே பார்த்தார்.

போல்ட்டுகளின் முனைகள் தெரியவில்லை. கைகள் தெரிந்தன. தண்ணீரில் ஊறி, வெளுத்து, உப்பிய கைகள். இருட்டிலிருந்து நீண்டு ஆளுக்கொரு போல்ட்டை இறுகப் பற்றியிருந்தன. தடித்த ஆண் கை ஒன்று. சுருக்கம் விழுந்த கிழக் கை ஒன்று. வாலுவின் கையைவிடச் சின்னதாக ஒன்று. பன்னிரண்டு கைகள். அதில் இரண்டைத்தான் அவருக்குத் தெரியும். இடது கட்டைவிரலில், ஸ்பேனர் நசுக்கிக் கறுத்த நகம். மனைவிக்கு அவரே கட்டுப் போட்ட விரல்.

"கம்பி செம கெட்டியா இருக்குப்பா" என்றது மேலேயிருந்து குரல். "நான் எட்டிப் பாக்குறேன்."

வேண்டாம் என்று கத்த வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. போல்ட்டுகளை நோக்கிக் கையை நீட்டினார். எட்டவில்லை. ஒரு முழம். ஒரே ஒரு முழம்.

தலைக்கு மேல் சின்னப் பாதங்கள் குதிகால் தூக்கின. வயிறு கம்பியில் சாயும் சத்தம்.

கிழக் கை விட்டது.

பிறகு தடித்த கை. பிறகு சின்னது. அவசரமில்லாமல், ஒவ்வொரு விரலாக.

பத்தும் விட்டன. விட்ட கைகள் கீழே தொங்கவில்லை. உள்ளங்கையை மேலே திருப்பி விரிந்து நின்றன, தாவி வரும் பிள்ளையை வாங்கிக்கொள்வதற்கு நீட்டுவது போல.

மேலே கம்பி ஒரு பக்கமாக முனகியது. அவற்றின் நடுவே அவளுடைய இரண்டு கைகள் மட்டும், இரண்டே இரண்டு போல்ட்டுகளைப் பற்றிக்கொண்டு, நரம்பு புடைக்க, விரலிடுக்கில் தண்ணீர் பிதுங்கி வழிய, விடாமல் நடுங்கிக்கொண்டிருந்தன.