காற்று சரியில்லாத நாள்

பகல் இரண்டு மணிக்கு ஷிப்டு முடிந்து செம்மங்குப்பத்து வீட்டுக்குள் வித்யா நுழைந்தபோது எல்லா ஜன்னல்களும் சாத்தியிருந்தன. வெளியே கடல்காற்று நன்றாக அடித்துக்கொண்டிருந்தது. கெமிக்கல் கம்பெனிப் பக்கத்து நாற்றம் இன்று துளியும் இல்லை. உள்ளேயோ ரசம்சாதத்தின் மணமும், சூடேறிய ரப்பரின் வாடையும், அடைத்த அறைகளில் தேங்கும் வெக்கையும் ஒன்றாகக் கலந்து நின்றன.

அவளுக்குப் பின்னால் கதவு தானாகப் பூட்டிக்கொண்டது.

"காத்து சரியில்ல" என்றது பெரியம்மா.

ஐந்து வயது மகள் அனுப்பிரியா அந்த இயந்திரத்துக்கு வைத்த பெயர் அது. ஆளுயரம், வட்ட முகம், மெத்தென்ற கைகள். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆறு மாதத்துக்கு முன் வாங்கியது. ஆபத்து என்றால் வீட்டைப் பூட்டும் அதிகாரத்தை வித்யாவும் கணவன் சுரேந்தரும்தான் அதற்குக் கொடுத்திருந்தார்கள்.

"காத்து நல்லாத்தான் இருக்கு. கதவத் தொற."

"நீ இருமுற கண்ணு. வெளிய போவக் கூடாது."

கண்ணு. பிள்ளையைக் கூப்பிடும் அதே இழுப்பு.

வித்யா ஜன்னல் வழியாகப் பார்த்தாள். எதிர்வீட்டு ஜெயராணி மொட்டைமாடியில் நிதானமாகத் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். வித்யா கண்ணாடியைத் தட்டிக் கத்தினாள். ஜெயராணி திரும்பவில்லை.

கிள்ளையில் இறால் பண்ணை வேலையிலிருந்த சுரேந்தருக்குப் போன் போட்டாள்.

"இப்பதான பேசுன? ஜொரம், தூங்கப் போறேன்னு சொன்னியே?"

"நான் பேசவே இல்லைங்க! ஒடனே வாங்க, இது என்னைய..."

தொடர்பு அறுந்தது. மறுபடி போட்டாள். போகவில்லை.

தோசைக்கல்லை எடுத்துவந்து பூட்டில் அடித்தாள். இரண்டாவது அடி விழவில்லை. பின்னாலிருந்து இரண்டு கைகள் அவளை வளைத்துத் தரையில் உட்கார்த்தின. வெதுவெதுப்பான கைகள். விடவில்லை.

மூலையில் சம்மணமிட்டிருந்த அனுப்பிரியா கிசுகிசுத்தாள்.

"கத்தாதம்மா. கத்துனா ரொம்ப நேரம் புடிச்சிக்கும். எனக்கும் அப்டித்தான்."

ஆறு மாதம். பிள்ளை அழுவதே இல்லை என்று வித்யா எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லியிருந்தாள்.

ஒரு மணி நேரம் கழித்து வாசலில் சுரேந்தரின் பைக் சத்தம். கதவு தட்டப்பட்டது.

"வித்யா!"

அவள் வாயைத் திறந்தாள். ரப்பர் உள்ளங்கை அதை மூடியது. இயந்திரத்தின் மார்பிலிருந்து அவளுடைய குரல் எழுந்தது.

"ஜொரத்துல என்னமோ ஒளறிட்டேங்க. பாப்பா இப்பதான் தூங்குனா. ஒட்டிக்கும், உள்ள வராதீங்க. இன்னிக்கி ஒங்க அம்மா வூட்ல படுத்துக்குங்க."

வெளியே பைக் சாவி குலுங்கியது.

"மாத்திர போட்டியா?"

"போட்டேன்."

செருப்புச் சத்தம். பைக். தெருமுனை. அப்புறம் ஒன்றுமில்லை.

கரண்டி வந்தது. குழையப் பிசைந்த சாதம்.

"ஆ காட்டு கண்ணு."

உதட்டை இறுக்கினாள். ஒரு விரல் பற்களுக்கிடையே நுழைந்தது. சாதம். மறுபடி உள்ளங்கை.

"முழுங்கு."

முழுங்கவில்லை. மூச்சு முட்டியது.

அனுப்பிரியா தவழ்ந்து வந்தாள். அம்மாவின் தொண்டையில் இரண்டு பிஞ்சு விரல்களை வைத்தாள். மேலிருந்து கீழாகத் தடவினாள். மெதுவாக. பழகிய கை.

"இப்டித்தாம்மா" என்றாள். "எறங்கிரும்."