கடலை மிட்டாய்க்கு நாடி அறுபத்தெட்டு!

செல்போன் அலறியது.

"மணிகண்டபிரபு சாரா? கோவில்பட்டி இன்ஸ்பெக்டர் காளீஸ்வரி பேசுதேன். உங்க கம்பெனி எஞ்சினியர் ஹரி... இறந்துட்டாரு சார். கொஞ்சம் ஸ்டேஷன் வரைக்கும் வாங்க."

"ஐயோ! ஹரியா?"

மணிகண்டபிரபு அதிர்ந்து போனான். அதாவது, அதிர்ந்து போனது மாதிரி குரலை மாற்றிக்கொண்டான்.

நேற்று மாலை ஹரியைக் கிணற்றில் தள்ளியவனே அவன்தான்!

எல்லாம் அந்த 'உயிர்மானி'க்காக. கையில் கட்டிக்கொண்டால் நாடி, தூக்கம், நடை, இருக்கும் இடம் எல்லாம் சொல்லும் பேண்டு. கம்பெனியின் மதிப்பு எட்டாயிரம் கோடி! இன்னும் பங்குச்சந்தை வாசலைக்கூட மிதிக்கவில்லை. அதற்குள் பல ஆயிரம் கோடி பெறும் புதுக் கம்பெனிகளுக்குத் தரும் 'யூனிகார்ன்' பட்டத்தைக் கொடுத்து, பெங்களூரில் தலையில் தூக்கிவைத்து ஆடினார்கள். அப்பாவின் தீப்பெட்டி ஆபீஸ் பெண்கள் கையிலெல்லாம் பேண்டைக் கட்டி, அந்த நாடிகளைத்தான் உலகத்துக்குக் காட்டியிருந்தான். இன்று மதியம் சிங்கப்பூர் முதலீட்டாளர்கள் தூத்துக்குடியில் வந்து இறங்குகிறார்கள். கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

ஒரே ஒரு சின்னக் குறை.

பேண்டை எதில் கட்டினாலும் நாடி காட்டும்!

"சரியாகலைன்னா அவங்ககிட்ட உண்மையைச் சொல்லிருவேன்" என்று போன வாரம் ஹரி மிரட்டினான். நேற்று நேரில் வந்து, "அண்ணே, அவங்க வாரதுக்கு முன்னாடி பேண்டைப் பத்தி ஒண்ணு சொல்லணும்" என்றான். இங்கே வேண்டாம், தனியாகப் பேசுவோம் என்று அவன் வாயை அடைத்து, கயத்தாறு பக்கம் இருக்கும் கரிசக்காட்டுக்கு வரச் சொன்னான் மணிகண்டபிரபு. பாழுங்கிணற்றை எட்டிப் பார்த்தபடி காத்திருந்தான் ஹரி.

பின்னாலிருந்து ஒரே தள்ளு...!

கிளம்பும்போதே தன் பேண்டைக் கழற்றி, முதலீட்டாளர்களுக்கு வாங்கி வைத்திருந்த கடலை மிட்டாய்ப் பொட்டலத்தில் கட்டி, போனோடு மெத்தையில் போட்டிருந்தான். கடலை மிட்டாய் நிம்மதியாகத் தூங்கியது. நாடி அறுபத்தெட்டு!

வீடு திரும்பியபோது போனில் ஓர் எச்சரிக்கை மின்னியது. 'ஹரி கீழே விழுந்துவிட்டார். உதவி தேவை!'

சிரித்துக்கொண்டே அழித்தான். கைதட்டினால்கூட அந்தப் பேண்டு அப்படித்தான் கத்தும்.

ஸ்டேஷன்.

மூலையில் கேமரா. மேஜைக்கு அந்தப் பக்கம் காளீஸ்வரி. சுவரோரம் ஏட்டு இசக்கிபாண்டி.

"எப்படி மேடம் ஆச்சு? ஹார்ட் அட்டாக்கா?" குரல் உடைந்தது. நன்றாகவே நடித்தான்.

"அதைத்தான் விசாரிக்கோம். நேத்து சாயங்காலம் நீங்க எங்கன இருந்தீங்க?"

"வீட்டு மாடியில தூங்கிட்டு இருந்தேன். இந்தா பாருங்க..." போனை நீட்டினான். "நாடி அறுபத்தெட்டு. ஆழ்ந்த உறக்கம். எங்க பேண்டு பொய் சொல்லாது மேடம்!"

அவன் மறுபடி கையில் கட்டியிருந்த பேண்டைக் குனிந்து பார்த்தார் இசக்கிபாண்டி.

"அண்ணாச்சி, பேண்டுக்கு அடியில இருந்து எறும்பு வருதே?"

ஒன்று... இரண்டு... ஒரு சின்ன ஊர்வலமே வந்தது!

"ஸ்வீட் சாப்பிட்டேன். கை கழுவல."

"வெல்லப்பாகு வாசம்லா அடிக்கு!"

"விடுங்க ஏட்டையா" என்ற காளீஸ்வரி ஒரு டேப்லெட்டை நகர்த்தினார். "இது உங்க அப்பா தீப்பெட்டி ஆபீஸ் சூப்பர்வைசர் முத்துத்தாய் குடுத்தது. எல்லாரு நாடியும் இதுல தெரியுமாமே? ஹரி நாடியைப் பாருங்க."

பார்த்தான்.

ஐம்பத்தாறு... ஓடிக்கொண்டிருந்தது!

கீழே பச்சை எழுத்தில்: 'இன்று நீங்கள் நடக்கவே இல்லை. எழுந்து நடக்கலாமே!'

"பிரேதத்தை வாக்கிங் போகச் சொல்லுது சார் உங்க பேண்டு! இப்ப எனக்கு ஒரே குழப்பம். பேண்டு சொல்லுதது நிசம்னா ஹரி சாகலை. பொய்னா நீங்க தூங்கலை. எதை எழுதிக்கிட?"

மனதுக்குள் கணக்குப் போட்டான் மணிகண்டபிரபு. பொய் என்றால் எட்டாயிரம் கோடி காலி. நிஜம் என்றால்...?

"எ... என் பேண்டு கரெக்ட். ஹரி பேண்டு மட்டும் ரிப்பேர்!"

"எதுக்கு சார் சந்தேகம்? ஏட்டையா, ஆஸ்பத்திரிக்குப் போன் போடுங்க. பிரேதப் பரிசோதனையை நிறுத்திட்டு, ஆளை இன்னொரு தடவை நல்லாப் பாக்கச் சொல்லுங்க. எனக்கு இந்தப் பேண்டு மேல நம்பிக்கை வந்துட்டு!"

இசக்கிபாண்டி போனை எடுத்தார். எண்ணை அழுத்தினார்.

"வேண்டாம்!"

மணிகண்டபிரபு எழுந்தேவிட்டான். பெங்களூர்த் தமிழ் எங்கேயோ ஓடிப்போயிருந்தது.

"ஏலே, போனை வைலே! நாடியாவது மண்ணாவது! அந்தக் கருமத்தைக் கடலை மிட்டாயில கட்டுனாக்கூட நாடி காட்டும்! அம்புட்டு ஆழத்துல, பாறைக் கெணத்துல தலைகுப்புற விழுந்தவன் எப்படிப் பொழைப்பான்?"

காளீஸ்வரி மூலையிலிருந்த கேமராவை ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

"கெணறுன்னு நான் சொல்லவே இல்லையே சார்?" என்றார் காளீஸ்வரி மெதுவாக.

"கடலை மிட்டாய்னும் சொல்லல" என்றார் இசக்கிபாண்டி, எறும்பைப் பார்த்தபடி.

மணிகண்டபிரபு பொத்தென்று உட்கார்ந்தான்.

"ஹரி சாகலை சார். போன வாரம் பெஞ்ச மழையில கெணத்துக்குள்ள பூரா கரிசச் சேறு. மெத்தை கணக்கா ஏந்திக்கிட்டு. கால்தான் ஒடிஞ்சிருக்கு. உங்களுக்கு வந்த எச்சரிக்கை முத்துத்தாய்க்கும் வந்திருக்கு. அந்தம்மா அதை நம்பி, பேண்டு காட்டுன எடத்துக்கு ஆளைக் கூட்டிட்டு ஓடிருக்கு."

"நம்பினாளா...?"

"கண்ணு முழிச்ச ஹரி, பின்னால இருந்து யாரோ தள்ளுனாங்க, யாருன்னு தெரியலைன்னாரு. அடுத்து ஒண்ணுதான் சொன்னாரு. 'பேண்டு சரியாயிட்டு... அண்ணன்கிட்ட சொல்லணும்'னாரு. மறுபடி மயங்கிட்டாரு. சரிபண்ணுன மொத பேண்டு அவரு கையில கெடந்ததுதான். அதைச் சொல்லத்தான் சார் உங்களைத் தேடி வந்திருக்காரு!"

மணிகண்டபிரபுவுக்கு அழுகை வந்தது. இந்த முறை நடிப்பு இல்லை. கம்பெனியில் உருப்படியாக இருந்த ஒரே பேண்டு. அதைக் கட்டியிருந்தவன் தன்னை அண்ணன் என்று கூப்பிட்டவன். இரண்டையும் சேர்த்துத்தான் தள்ளியிருந்தான்.

"செத்துட்டான்னு... நீங்கதானே மேடம் சொன்னீங்க?"

"நான் சொன்னது பொய். பேண்டு சொன்னது நிசம். நீங்க பேண்டை விட்டுட்டுப் போலீஸை நம்புனீங்க!"

க்ளிக்!

விலங்கு மாட்டிய கையில் பேண்டு 'கிணுங்' என்றது. இசக்கிபாண்டி கண்ணைச் சுருக்கிப் படித்தார்.

"மேடம்... நாடி அறுபத்தெட்டு, ஆழ்ந்த உறக்கம்னு காட்டுது!"

"எழுப்பாதீங்க ஏட்டையா. பாளையங்கோட்டை ஜெயில் வந்ததும் எறக்கிவிட்டாப் போதும்!"