மூன்றெழுத்து முகவரி

"மூணே எழுத்துங்க... இனிமே யாரு தலைகீழா நின்னாலும் புதுசா ஒண்ணு கிடைக்காது!"

பேருந்து நிறுத்தத்தில் மழைக்கு ஒதுங்கியவன் போனில் கத்திக்கொண்டிருந்தான். இணையதள முகவரிக்கான பெயர்களை வாங்கி விற்பது அவன் தொழில். குட்டிக் குட்டிப் பெயர்களை எல்லாம் என்றைக்கோ யார் யாரோ வளைத்துப் போட்டுவிட்டார்கள். அதனால் மூன்றெழுத்துப் பெயர் என்றால் ஊருக்கு நடுவில் மூலை மனை மாதிரி. எதிர்முனையில் இருந்தவருக்குக் காது மந்தமோ என்னவோ, அந்த மூன்று எழுத்தையும் தனித்தனியாக உரக்கச் சொன்னான்.

பக்கத்தில் நின்றவள் சட்டென்று திரும்பினாள். ஐயோ, அந்தக் கண்கள்... இவ்வளவு பெரிய கண்களை வைத்துக்கொண்டு ஒருத்தி இப்படியா முறைப்பாள்!

"அது எங்க அண்ணனோடது."

"இல்லைங்க, என்னோடது. ஏலத்துல எடுத்தேன்."

"செத்தவன் வீட்டுல புகுந்து எடுக்கிறதுக்குப் பேரு ஏலமா?"

அவன் போனை அணைத்தான்.

மழை விடும்வரை அவள் சொன்னாள். அண்ணன் லாரியில் அடிபட்டுப் போய் இரண்டு வருடம். பெயரைப் புதுப்பிக்கச் சொல்லி வருகிற நினைவூட்டல்களை, அதே பெயரில் இருந்த தன் மெயிலுக்கே வரும்படி வைத்திருந்தான் அந்தப் புத்திசாலி. அவன் போன பிறகு அதைத் திறந்து பார்க்க ஆளில்லை. பெயர் காலாவதியாகி ஏலத்துக்குப் போனது வீட்டில் யாருக்கும் தெரியாது.

"அம்மா தினமும் அவனுக்கு மெயில் எழுதறாங்க. அவன் இல்லைன்னு தெரிஞ்சேதான் எழுதறாங்க. நடுவுல ஒரு மாசம் எல்லாம் திரும்பி வந்துச்சு. 'எம்புள்ள கதவை அடைச்சிட்டான்'னு சோறு தண்ணி இல்லாம கிடந்தாங்க. அப்புறம் அதுவாவே சரியாயிடுச்சு." அவள் குரல் இறங்கியது. "டாக்டர் கையை விரிச்சிட்டாருங்க. அம்மா இருக்கிற வரைக்கும் மட்டும் விக்காதீங்க... அது போதும்."

அவன் தலையாட்டினான். ஒன்றை மட்டும் சொல்லாமல் விட்டான்.

அது தானாகச் சரியாகவில்லை. வாங்கிய பெயரைத் தேடி எத்தனை பேர் வருகிறார்கள் என்று பார்ப்பதற்காக, அதற்கு வரும் எல்லா மெயிலும் தன் பெட்டியில் விழும்படி திறந்து வைப்பது இந்தத் தொழிலில் வழக்கம். ஏழு மாதமாக அந்த அம்மாவின் கடிதங்கள் வந்து விழுவது அவனிடம்தான். முதலில் அழித்துவிடத்தான் நினைத்தான். பிறகு, படிக்காமல் ஒரு நாளும் போகவில்லை. பாதிக் கடிதம் மகளைப் பற்றியது. 'உன் தங்கச்சி சிரிச்சு எவ்வளவு நாளாச்சு தெரியுமாடா...'

அவளைச் சிரிக்கவைக்க வேண்டும் என்று அவனுக்கு ஏழு மாதமாக ஆசை. பார்த்ததே இல்லை, ஆனாலும் ஆசை. இப்போது இந்தக் கண்களையும் பார்த்துவிட்டான். கேட்கவா வேண்டும்?

அவள் வேலை பார்க்கிற மூக்குக்கண்ணாடிக் கடை எது என்பதும் கடிதங்களில் இருந்தது. மூன்றாம் நாளே அங்கே போய் நின்றான். அடுத்த வாரமும் போனான்.

"நேரா பாருங்க."

"பாத்துக்கிட்டுதான் இருக்கேன்."

"என்னை இல்லைங்க... அந்தப் பலகையை." கடைசி வரி வரை கடகடவென்று படித்தான். "கண்ணு நல்லாத்தானே இருக்கு? எதுக்குக் கண்ணாடி?"

"தூரத்துல இருக்கிறது சரியா தெரியல..."

"பக்கத்துல இருக்கிறது?"

"அது நல்லாவே தெரியுது."

அவள் சிரித்துவிட்டாள். அந்தச் சந்தோஷத்தில் அவனுக்கு வாய் தவறியது.

"தோள்பட்டை வலி தேவலையாங்க இப்போ?"

அவள் கையிலிருந்த பிரேம் மேஜையில் விழுந்தது. அந்த வலியை அவள் அம்மாவிடம் தவிர யாரிடமும் சொல்லவில்லை.

"படிக்கிறீங்க... எங்கம்மா செத்த புள்ளைக்கு எழுதறதை நீங்க உக்காந்து படிக்கிறீங்க!"

"நான்... நிறுத்தணும்னுதான்..."

"வெளிய போங்க. உங்க தயவே வேணாம். யாருக்கு வேணும்னாலும் வித்துக்கோங்க!"

விற்றிருக்கலாம். வாங்க வந்த நிறுவனம் ஊருக்குள் ஒரு வீடு வாங்குகிற அளவுக்குக் காசு தருவதாகச் சொல்லி, வெள்ளிக்கிழமை வரை கெடு வைத்தது. முதலீட்டில் பாதி போட்டிருந்த அத்தான், "உனக்கென்ன கிறுக்கா மாப்ள?" என்று குதித்தார். அவன் தன் பைக்கையும் கைவசம் இருந்த வேறு நாலு பெயரையும் விற்று, அவர் பங்கைத் திருப்பிக் கொடுத்தான். அக்கா அதோடு பேச்சை நிறுத்திவிட்டாள்.

மெயில்களை அவன் திறப்பதில்லை. தினமும் ஒன்று வந்து விழுகிறதா என்று மட்டும் பார்ப்பான். விழுந்தால், அந்த அம்மா இருக்கிறார்.

ஒரு புதன்கிழமை விழவில்லை. வியாழனும் இல்லை. வெள்ளியும் இல்லை.

அவனுக்குப் புரிந்துவிட்டது. தெரியாதவர்களுக்காக இவ்வளவு அழ முடியுமா என்று அவனுக்கே வெட்கமாக இருந்தது. அவள் வீட்டு வாசலில் போய் நிற்க எந்த முகம் இருக்கிறது அவனுக்கு?

ஒன்பதாம் நாள் ஒரு மெயில் வந்தது. தலைப்பில் 'இதைப் படிக்கலாம்' என்று இருந்தது.

'அண்ணா,

அம்மா செவ்வாய்க்கிழமை ராத்திரி போயிட்டாங்க. கடைசியா உனக்கு எழுதி அனுப்பிட்டு, "போயிடுச்சாடி?"ன்னு கேட்டாங்க. போயிடுச்சும்மான்னேன். அப்புறம் கண்ணை மூடினவங்கதான்.

அம்மா நிம்மதியா போனாங்கண்ணா. அதுக்குக் காரணம் யாருன்னு எனக்குத் தெரியும். வித்துக்கோங்கன்னு நானே சொல்லியும் இந்தப் பேரு இன்னும் கை மாறலை. யார்கிட்ட இருக்குன்னு நெட்டுல தினமும் பாக்கிறேன்.

அவரை ரொம்பத் திட்டிட்டேன். வீட்டுல இப்போ பேச யாருமே இல்ல. எனக்குத் தோள்பட்டை வலின்னு தெரிஞ்ச ஒரே ஆளு இப்போ அவருதான். எனக்கு அவரைப் பிடிச்சிருக்கு... அம்மா போன அன்னிக்குக்கூட அவரு வருவாரான்னு வாசலைப் பாத்தேன்.

அவர்கிட்ட சொல்லுண்ணா. ஆனா இந்த முகவரியிலேருந்து பதில் மட்டும் போடவேண்டாம்னு சொல்லு. உன் பேர்ல ஒரு வரி வந்தாலும் நான் தாங்கமாட்டேன்.

நேர்ல வரச் சொல்லு.'