வந்து சேராத மூன்று மெயில்கள்

"அக்காவுக்கு நான் மூணு மெயில் போட்டேன் சார். ஒண்ணுகூட வரலைன்னு மாமா சாதிக்கிறாரு. யாரோ மறைச்சிருக்காங்க. அது யாருன்னு எனக்குத் தெரிஞ்சாகணும்."

வந்தவர் லிஃப்ட் மெக்கானிக். கழுத்து நீண்ட, உயரமான மனிதர். பன்னிரண்டு நாள் முன்பு அவருடைய அக்கா ஈரல் கெட்டு இறந்துபோயிருந்தாள்.

துப்பறிபவரை எல்லோரும் 'கண்ணாடி' என்றே அழைப்பார்கள். எதற்கும் பதறாதவர். பதறும் வேலையைத் தன் உதவியாளரிடம் விட்டிருந்தார். அந்த அம்மாளுக்கு அவர் வைத்த பெயர் 'அவசரம்'.

மெக்கானிக் கைபேசியை நீட்டினார். மூன்று வாரம் முன்பு அக்கா எழுதியது: "டேய் ஒட்டகம், ஈரல்ல ஒரு துண்டு தருவியா? முடியாதுன்னாலும் ஒரு வார்த்தை எழுது."

அன்றே இவர் எழுதிய பதில்: "தர்றேன்க்கா. வான்னு சொல்லு, அடுத்த வண்டியில வர்றேன்." பிறகு இன்னும் இரண்டு, அதே பதில்.

"அவங்க வான்னு சொல்லாமலே போயிருக்கலாமே?" என்றாள் அவசரம்.

"அப்பா சாவுக்கு நான் போகலம்மா. ஆறு வருஷமா பேச்சில்ல. நம்பரையும் மாத்திட்டா. வாசல்லயே நிக்க வச்சு அனுப்பிடுவாளோன்னு பயம்."

மறுநாள் காலை மூவரும் அக்கா வீட்டுக்குப் போனார்கள். அக்காவின் கணவர் நூலகர். மெக்கானிக்கை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. சாப்பாட்டு மேசை ஓரம் கம்ப்யூட்டர் இருந்தது. அதன் பாஸ்வேர்டு அவருக்கும் தெரியும், மகளுக்கும் தெரியும்.

"இவர்தான் சார்! முகத்துலயே எழுதி ஒட்டியிருக்கு," என்று அவசரம் கண்ணாடியின் காதைக் கடித்தாள்.

கண்ணாடி குப்பைப் பெட்டியைத் திறந்தார். மூன்று மெயில்களும் அங்கே தடித்த எழுத்தில் கிடந்தன. ஒன்றையும் யாரும் திறந்திருக்கவில்லை.

"மறைக்கிறவன் முதல்ல படிப்பான். அப்புறம் குப்பையிலேர்ந்தும் அழிப்பான். இது ஆள் செஞ்ச வேலை இல்ல," என்றபடி அமைப்புகளுக்குள் போனார். 'விதிகள்' என்ற பக்கத்தில் ஒரே ஒரு விதி இருந்தது: இந்த முகவரியிலிருந்து வருவதை நேராகக் குப்பைக்கு அனுப்பு. போட்டு ஆறு வருடம் ஆகியிருந்தது. அந்த விதிக்கு 'ஒட்டகம்' என்று ஒரு பெயரும் வைத்திருந்தார்கள்.

கண்ணாடி நூலகர் பக்கம் திரும்பினார். "ஒட்டகம்னா யாரு?"

"ஒட்டகமா?" நூலகர் விழித்தார். மகளும் உதட்டைப் பிதுக்கினாள்.

மெக்கானிக் திரையை நெருங்கிக் குனிந்து பார்த்தார். "அக்காவைத் தவிர யாரும் என்னை அப்படிக் கூப்பிட்டதில்ல சார். அந்தத் தேதி... அப்பா போனதுக்கு மறுநாள்."

"உங்க அக்காதான் கோபத்துல போட்டிருக்காங்க. போட்டதையே மறந்துட்டாங்க," என்றார் கண்ணாடி. "இதுல குற்றவாளின்னு யாரும் இல்ல."

நூலகர் முதல் முறையாக மைத்துனரைப் பார்த்தார். "தினமும் பத்து தடவை தன்னைத் தூக்கி உட்கார வைக்கச் சொல்லி என்னைக் கூப்பிடுவா. மெயிலைப் பார்ப்பா. 'அவனுக்கு இன்னும் கோபம் போகல'ன்னுட்டு திரும்பப் படுத்துக்குவா."

அவசரம் மெதுவாக மவுஸை நகர்த்தி அந்த விதியின் மேல் நிறுத்தினாள்.

"இதை அழிச்சிடவா?"

"வேணாம்மா," என்றார் மெக்கானிக். "அது அவ போட்டது. இருக்கட்டும்."