சாக்பீஸ் காரில் ஆறு பேர்

உமைமாவுக்கு அந்த விளம்பரம் மனப்பாடம். டி.வி.யில் அது வந்துவிட்டால் சோற்றுத் தட்டோடு எழுந்து ஓடி வருவாள்.

நீல நிறக் கார் ஒன்று மலைப் பாதையில் ஓசையில்லாமல் போகும். அப்பா ஓட்டுவார். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து சிரிப்பார். பின்னால் ஒரு பையன், ஒரு பெண். அந்தப் பெண் கண்ணாடியை இறக்கிவிட்டுக் காற்றில் கையை நீட்டுவாள். கடைசியில் ஒரு குரல் வரும்: "உங்கள் குடும்பத்துக்காகவே பிறந்த கார்!"

உமைமாவும் கூடவே சொல்வாள். ஆறு வயதுத் தம்பி நவீத் "டுர்ர்ர்" என்று சேர்ந்துகொள்வான்.

இது நடந்தது இரண்டாயிரமாவது வருடம், ஆம்பூரில். உமைமா அப்போது ஐந்தாம் வகுப்பு.

அவர்கள் வீட்டிலும் ஒரு வண்டி இருந்தது. பழைய பச்சை வேன். அதைப் பற்றி அவளிடம் கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். கதவை இழுத்தால் சத்தம் தெருக்கோடி வரைக்கும் கேட்கும். பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றால் போதும், "கீரை வண்டி வந்துடுச்சு" என்று அக்சா ஆரம்பித்துவிடுவாள். அக்சா அவளுடைய உயிர்த் தோழி. உயிர்த் தோழி கிண்டல் செய்தால் ஜாஸ்தி வலிக்கும், இல்லையா?

ஆனால் அந்தக் கீரை வண்டியில் வீட்டில் இருந்த ஆறு பேரும் தாராளமாக உட்காரலாம். அப்பா முக்தார் அகமது, அம்மி வஜீதா, உமைமா, நவீத், துபாயில் வேலை செய்யும் சாச்சாவின், அதாவது அப்பாவின் தம்பியின், மனைவி தில்ஷாத் சாச்சி, அப்புறம் பூபி. பூபி என்றால் அப்பாவின் அக்கா. முழுப் பெயர் அஃப்ஸர் ஜஹான். கொஞ்சம் கனமான உடம்பு. வலது முழங்கால் மடங்காது, நீட்டித்தான் உட்கார வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை என்றால் வேன் எங்காவது கிளம்பிவிடும். வேலூர் கோட்டை, ஏலகிரி மலை, இல்லாவிட்டால் ராணிப்பேட்டையில் இருக்கும் சொந்தக்காரர் வீடு. பத்து மணிக்குக் கிளம்ப வேண்டும் என்றால் பூபி ஒன்பது மணிக்கே புர்கா போட்டுக்கொண்டு போய் முன்சீட்டில் காலை நீட்டி உட்கார்ந்துவிடுவார். ஒன்பதேகாலுக்கு முதல் ஹாரன். ஒன்பதரைக்கு இரண்டாவது. அதற்குப் பிறகு கணக்கே கிடையாது.

அப்பா ஷூ கம்பெனியில் கட்டிங் செக்‌ஷன் சூப்பர்வைசர். அவருக்கும் புதுக் கார் ஆசை வந்துவிட்டது. பாதி ஆசை அவருடையது. மீதிப் பாதியை, தினமும் காலையிலும் மாலையிலும் நச்சரித்து உமைமா உண்டாக்கினாள். ஒரு நாள் பேப்பரில் முழுப் பக்கத்துக்கு விளம்பரம் வந்தது. வேலூரில் புது ஷோரூம் திறக்கிறார்களாம். 'ஞாயிறன்று குடும்பத்தோடு வாருங்கள், காரை ஓட்டிப் பாருங்கள்' என்று போட்டிருந்தது.

குடும்பத்தோடு என்று எழுதியிருக்கிறதே! ஆறு பேரும் கிளம்பிப் போனார்கள்.

ஷோரூமில் ஜோஸ் என்ற அண்ணன் டை கட்டிக்கொண்டு நின்றிருந்தார். "ஃபேமிலி வந்திருக்காங்களா சார்?" என்று கேட்டார். அப்பா பெருமையாக வேனைக் காட்டினார். கதவு கிறீச்சென்று திறந்தது. ஒவ்வொருவராக இறங்கினார்கள். கடைசியாக முன்பக்கக் கதவைப் பிடித்துக்கொண்டு பூபி இறங்கினார்.

ஜோஸ் அண்ணன் முகத்தில் சிரிப்பு கொஞ்சம் கம்மியானது. "ஃபேமிலி மட்டும் ஏறட்டும் சார். மத்தவங்க இங்க ஃபேன் காத்துல உக்காரட்டும்" என்றார்.

அவர் மேல் குற்றம் சொல்ல முடியாது. அவருடைய விளம்பரத்தில் குடும்பம் என்றால் நாலு பேர். ஆம்பூரில் குடும்பம் என்றால் எத்தனை என்று அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

நாங்கள் எல்லாரும்தான் ஃபேமிலி என்று அப்பா விளக்கினார். கார் ஐந்து பேருக்கானது, ஆனாலும் கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம் என்றார் ஜோஸ் அண்ணன். தில்ஷாத் சாச்சி ஒல்லி. பூபிக்கு இடம் விட்டு ஓரமாக ஒடுங்கி அட்ஜஸ்ட் செய்துகொண்டார். பூபி காரை ஒரு முறை பார்த்தார். தன் காலை ஒரு முறை பார்த்தார்.

"நீங்க போய்ட்டு வாங்க. எனக்கு இந்த நாற்காலியே சௌகரியமா இருக்கு" என்றார்.

ஜோஸ் அண்ணன் சாவியைக் கொடுக்க, அப்பா காரைக் கிளப்பினார். புது சீட்டின் வாசனை மூக்கில் ஏறியது. உமைமா கண்ணாடியை இறக்கினாள். விளம்பரத்துப் பெண் மாதிரியே கையை நீட்டினாள். அப்பப்பா, என்ன காற்று! அப்படியே திரும்பிப் பார்த்தாள்.

ஷோரூம் வாசலில் சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலியில் பூபி உட்கார்ந்திருந்தார். மடியில் கைப்பை. கால் நீட்டியபடி. அவர் தலைக்கு மேலே பெரிய போர்டில் அந்த நாலு பேரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

உமைமா கையை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

வீடு திரும்பும்போது அப்பாவின் வாய் ஓயவே இல்லை. நாட்றம்பள்ளியில் தக்காளி வியாபாரம் செய்யும் கோவிந்தசாமி வெள்ளிக்கிழமை வந்து வேனை எடுத்துக்கொள்வாராம். அடுத்த வாரமே நீலக் கார் வீட்டுக்கு வந்துவிடுமாம். நவீத் வழியெல்லாம் டுர்ர்ர்.

"நல்லதுதான். எனக்குத்தான் கார் ஒத்துக்காது, வாந்தி வரும். நான் வீட்டைப் பாத்துக்கறேன்" என்றார் பூபி.

பச்சைப் பொய்! ஏலகிரி மலையில் பதினாலு வளைவிலும் மற்ற எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு வந்தபோது, பூபி மட்டும் முறுக்கு தின்றுகொண்டு வந்தவர். உமைமாவுக்குத் தெரியாதா?

அன்று ராத்திரி அம்மியிடம் கேட்டாள், புதுக் காரில் பூபி எங்கே உட்காருவார் என்று. அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம் என்றார் அம்மி. மறுநாள் அப்பாவிடம் கேட்டாள். அவரும் அதையே சொன்னார். பூபியிடமே கேட்டாள்.

"அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்டி. இதுக்குப் போய் இன்னாத்துக்கு பேஜார்?" என்றார் பூபி.

உமைமா யோசித்துப் பார்த்தாள். பிரியாணியில் கறி கம்மியானால் பூபிதான் அட்ஜஸ்ட் செய்வார். விருந்தாளி வந்தால் பூபியின் கட்டில்தான் போகும். எல்லாரும் சொல்கிற வார்த்தைதான், ஆனால் செய்கிறவர் ஒரே ஆள்.

கார் வேண்டாம் என்று சொல்லிவிடலாமா? அதுவும் லேசில்லை. வகுப்பு முழுக்கச் சொல்லியாகிவிட்டது. முதல் சவாரிக்கு அக்சாவைக் கூட்டிப் போவதாக வாக்குக் கொடுத்தாகிவிட்டது. அந்தக் கார் அவளுக்கு அவ்வளவு பிடித்திருந்தது. அழுகை அழுகையாக வந்தது.

வியாழக்கிழமை சாயங்காலம் ஜோஸ் அண்ணன் கொடுத்த வழவழப்பான நோட்டீஸை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அப்பா எந்தத் தோலைக் கையில் எடுத்தாலும் முதலில் பின்பக்கம் புரட்டிப் பார்ப்பார். முன்பக்கம் எல்லாத் தோலும் பளபளவென்றுதான் இருக்கும் என்பார். பிறகு பேட்டர்னை வைத்துப் பார்ப்பார். ஷூவின் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு அட்டை அளவு உண்டு, அதற்குப் பெயர்தான் பேட்டர்ன். எல்லா அட்டையும் தோலுக்குள் அடங்கினால்தான் கத்தி வைக்க விடுவார்.

உமைமா நோட்டீஸைப் பின்பக்கம் திருப்பினாள்.

அங்கே படம் எதுவும் இல்லை. பொடி எழுத்தில் வரிசையாக எண்கள். யார் படிப்பார்கள் அதை? அவள் விரல் வைத்துப் படித்தாள். பின் இருக்கையின் அகலம் 1250 மில்லிமீட்டர். அப்படியென்றால் நூற்று இருபத்தைந்து சென்டிமீட்டர். முன் இருக்கை, கால் வைக்கும் இடம் எல்லாமே இருந்தது.

அப்பாவின் டேப்பையும் ஒரு சாக்பீஸையும் எடுத்தாள். கூடத்துச் சிவப்புத் தரையில் அளந்து அளந்து கோடு போட்டாள். நவீத் டேப்பின் மறுமுனையைப் பிடித்தான். தரையெல்லாம் இன்னா கிறுக்கல் என்று அம்மி கேட்டபோது, நானே துடைத்துவிடுகிறேன் என்றாள்.

அப்பா கம்பெனியிலிருந்து வந்ததும், "அப்பா, புதுக் கார் வந்துடுச்சு. ஏறுங்க" என்றாள்.

அப்பாவுக்குக் களைப்பெல்லாம் போய்விட்டது. சிரித்துக்கொண்டே ஓட்டுநர் கட்டத்தில் உட்கார்ந்தார். நவீத் சாப்பாட்டுத் தட்டை ஸ்டியரிங்காகக் கொடுத்தான். ஒரே ஒரு விதிதான்: யாருடைய கால் விரலும் கோட்டைத் தாண்டக்கூடாது. அம்மி பக்கத்தில் உட்கார்ந்தார். பின் கட்டத்தில் சாச்சி, உமைமா, நவீத். அப்பா தட்டைத் திருப்பினார். எல்லாரும் ஒரே பக்கமாகச் சாய்ந்தார்கள். ஒரே சிரிப்பு.

பூபி கோட்டுக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"பூபி, நீயும் ஏறு" என்றான் நவீத்.

சாச்சி நகர்ந்தார். உமைமா நகர்ந்தாள். பூபி சுவரைப் பிடித்து மெதுவாக இறங்கி உட்கார்ந்தார். நவீத் கட்டத்துக்கு வெளியே போய் விழுந்தான். பூபியின் வலது கால் கோட்டைத் தாண்டி முன்சீட்டு வரைக்கும் நீண்டது. அம்மி எழுந்து முன்சீட்டைப் பூபிக்குக் கொடுத்தார். அங்கே கால் அடங்கியது, ஆனால் அம்மி பின்னால் போனதும் நாலு பேர் ஆகிவிட்டது, இந்தத் தடவை சாச்சி வெளியே. இப்படி மாற்றினார்கள், அப்படி மாற்றினார்கள். யாராவது ஒருவர் வெளியே நின்றுகொண்டே இருந்தார்.

"எல்லாரும் அவங்கவங்க எடத்துல உக்காருங்க. நான் டிக்கியில வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் பூபி எழுந்து வெளியே போய் நின்றார்.

எல்லாரும் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. தட்டைக் கீழே வைத்தார். டேப்பை வாங்கிப் பின் கட்டத்தை அவரே அளந்தார். நோட்டீஸைப் புரட்டி எண்ணைப் பார்த்தார். உமைமா அரை சென்டிமீட்டர்கூடத் தப்பு செய்திருக்கவில்லை.

"கம்பெனியில ஒரு பேட்டர்ன் வெளிய நின்னாலும் கத்தி வைக்க விடமாட்டேன். இங்க எங்க அக்காவை வெளிய நிறுத்திட்டு வண்டி வாங்கப் பாத்தேன்" என்றார்.

நோட்டீஸை மடித்து வைத்துவிட்டு உமைமாவைப் பார்த்தார். "உனக்குத்தானே அந்தக் கார் மேல அவ்ளோ ஆசை?"

"ஆசைதான். இன்னும்கூட ஆசைதான்" என்றாள் உமைமா. அழக்கூடாது என்றுதான் நினைத்திருந்தாள். "ஆனா பூபி இல்லாம ஹாரன் யார் அடிப்பாங்க?"

பூபி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். சாக்பீஸ் தூசி ஒத்துக்கொள்ளவில்லை என்றார். அதுவும் பொய்தான்.

வெள்ளிக்கிழமை கோவிந்தசாமி வந்து டீ குடித்துவிட்டுப் போனார். வேன் போகவில்லை. கதவுக்கு மட்டும் கிரீஸ் போட்டார்கள். முதல் சவாரிக்கு வாக்குக் கொடுத்தாயிற்றே, ஞாயிற்றுக்கிழமை அக்சாவையும் அதே கீரை வண்டியில் ஏலகிரிக்குக் கூட்டிப் போனார்கள். பாதி மலையில் பூபியின் முறுக்கு அவள் கையில் இருந்தது. அதற்குப் பிறகு அவள் கிண்டல் செய்ததே இல்லை.

நாலு வருடம் போனது. டி.வி.யில் விளம்பரங்கள் மாறிவிட்டன. இப்போது வந்த கார்களில் மூன்று வரிசை சீட்டு. தாத்தா, பாட்டி, அத்தை, மாமா என்று எல்லாரையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். 'பெரிய குடும்பத்துக்குப் பெரிய கார்' என்றது அந்தக் குரல்.

"இத்தனை வருஷம் இவங்க எல்லாரும் எங்க இருந்தாங்களாம்?" என்று பூபி டி.வி.யைப் பார்த்துக் கேட்டார்.

அப்பா மறுபடியும் அதே ஷோரூமுக்குப் போனார். ஆறு பேருமாகத்தான். ஜோஸ் அண்ணன் இப்போது மேனேஜர். அவர் வாயைத் திறப்பதற்குள் உமைமா முன்பக்கக் கதவைத் திறந்து, முதலில் பூபியை ஏற்றிப் பார்த்தாள். கால் தாராளமாக நீண்டது. மற்றவர்களும் ஏறினார்கள். அப்படியும் பின்னால் இடம் மிச்சம் இருந்தது.

அப்பா வண்டியை ஓட்டிப் பார்க்கும்போது இந்தத் தடவை தானும் கூட வர வேண்டும், எங்கே உட்காருவது என்று ஜோஸ் அண்ணன் தயங்கி நின்றார். பூபி ஒரு தரம் ஹாரனை அடித்துப் பார்த்துவிட்டு, ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"பின்னாடி ஏறிக்கோ தம்பி. யாரும் அட்ஜஸ்ட் பண்ண வேணாம்."